ஒரு சொட்டு ஈரம்... சோலி முடிஞ்சது!

ஏலக்காய்த் தோட்டத்தில் இருந்து உங்க டி-ஷர்ட் வரைக்கும் கைவரிசை காட்டும் பூஞ்சைகளின் கதை!

ஒரு சின்னக் கேள்வி மக்களே... பயிர்களுக்கு வர்ற தொற்று நோய்களில் பெரும்பாலான கேஸ்களுக்குக் காரணம் யாரு? 'வைரஸ்' என்று சொன்னவங்க உட்காருங்க. 'பாக்டீரியா' என்று கை தூக்கினவங்களும் உட்காரலாம். மனுஷனுக்கு வர்ற வியாதின்னா அவங்க ரெண்டு பேரும்தான் பெரிய கை. செடி, கொடிகளின் உலகத்தில் கதையே வேற. அங்கே நம்பர் ஒன் வில்லன்... பூஞ்சை!

ஊறுகாய் ஜாடியில் வெள்ளையா படருமே, மழைக்காலத்தில் பீரோவுக்குள் கிடக்கிற தோல் பெல்ட்டில் பச்சையா பூக்குமே, ரெண்டு நாள் மறந்து வெச்ச பிரெட்டில் கறுப்பா பொடி தட்டுமே... அதே குடும்பம்தான். வீட்டில் செய்யும்போது அதுக்குப் பேரு சேட்டை. தோட்டத்தில் செய்யும்போது அதுக்குப் பேரு நஷ்டம்.

அந்த நஷ்டத்தை நேருக்கு நேர் பார்க்கணும்னா தேனி மாவட்டம் சிலமலைப் பக்கம் வாங்க.

மேலே ஏலம்... கீழே ஏலம்!

போடிநாயக்கனூரில் இருந்து தேவாரம் போற வழியில் இருக்கிறது சிலமலை. கீழே தென்னை, மா, இலவ மரம். மேற்கே நிமிர்ந்து பார்த்தா மலைத்தொடர். அந்த மலைக்கு மேலே, கேரளாவின் இடுக்கி மாவட்டத்துக்குள் விரிந்து கிடக்கிறது ஏலமலை. தேனி மாவட்டத்தின் மலையடிவாரக் கிராமங்களில் இருந்து விடியக் கருக்கலில் ஜீப் ஏறி, மேலே ஏலத் தோட்டங்களுக்கு வேலைக்குப் போய், பொழுது சாயும்போது இறங்கி வர்ற ஜனங்கள் ஏராளம். களை எடுக்க, கவாத்துப் பண்ண, காய் எடுக்க, மருந்து அடிக்க... எல்லாத்துக்கும் அவங்கதான்.

மேலே விளையும் ஏலத்தைக் கீழே ஏலம் விடுற ஊர் போடி. ஸ்பைசஸ் போர்டின் மின்னணு ஏல மையம் இங்கேயும் இருக்கு, மலைக்கு மேலே புற்றடியிலும் இருக்கு. ஏலக்காய்த் தோட்டக்காரர்கள் சங்கத்தின் பேரில் ஒரு கல்லூரியே நடக்குற ஊர் இது. நம்ம சி.பி.ஏ. காலேஜ்தான்! அப்படின்னா இந்த ஊருக்கும் அந்தக் காய்க்கும் எவ்வளவு நெருக்கம்னு பார்த்துக்குங்க.

ஜூனில் தென்மேற்குப் பருவமழை பிடிச்சா, அடிவாரத்துக்குக் கிடைக்கிறது காத்தும் கொஞ்சம் சாரலும்தான். ஆனா மலைக்கு மேலே? நாள் கணக்கில் விடாம ஊத்தும். வெயில் முகமே தெரியாது. இலை காயாது. மண்ணு காயாது. அப்போதான் 'அழுகல்' வரும்.

நோய்க்குப் பேரே அதான். மலையாளத்திலும் அழுகல், தமிழிலும் அழுகல். ஏலச் செடியின் அடியில் இருந்து தரையோடு படர்ந்து போகும் பூங்கொத்தைத் தோட்டத்தில் 'சரம்' என்பார்கள். காய் பிடிக்கிறது அந்தச் சரத்தில்தான். முதலில் இளங்காயில் தண்ணி கோத்த மாதிரி ஒரு புள்ளி விழும். நாலைந்து நாளில் அது பழுப்பாகும், கறுக்கும், நாறும். அப்புறம் காய் தானா உதிர்ந்து மண்ணில் கிடக்கும். இலையிலும் அதே ஈரப் புள்ளி. முத்திப்போனா தட்டை, கிழங்கு என்று தூர் முழுக்க அழுகிச் சாயும்.

ஏறக்குறைய 5 கிலோ பச்சைக் காய் காய்ஞ்சாத்தான் 1 கிலோ ஏலக்காய். அதனால் உதிர்ந்து கிடக்கிற ஒவ்வொரு கைப்பிடிக்கும் கணக்கு உண்டு. காய் இல்லேன்னா காய் எடுக்கிற வேலை இல்லை. வேலை இல்லேன்னா ஜீப் இல்லை. ஜீப் இல்லேன்னா அந்த வாரம் கூலி இல்லை. அழுகல் விழுறது மலையில். அடி விழுறது அடிவாரத்தில்!

2018 ஆகஸ்ட் ஞாபகம் இருக்கா? கேரளாவையே புரட்டிப்போட்ட வெள்ளம். இடுக்கியில் மலைச்சரிவுகள் இடிஞ்சு விழுந்தன. மண்ணில் தப்பிச்ச ஏலச் செடிகளில் பலது அழுகலில் மாட்டுச்சு. அதுக்குப் பின்னாடியே 2019 கோடையில் வறட்சி. சரக்கு குறைஞ்சது, 2019 ஆகஸ்டில் நடந்த ஏலத்தில் ஒரு கிலோவின் உச்ச விலை 7,000 ரூபாயைத் தொட்டது. 'அடேங்கப்பா, யோகம்டா' என்று வாயைப் பிளந்தவங்க நிறைய பேர். ஆனா விக்கிறதுக்குக் கையில் காய் இருந்தவனுக்குத்தானே யோகம்?

வேஷம் போட்ட வில்லன்!

இப்போ ஒரு ட்விஸ்ட். அழுகலுக்கு முக்கியக் காரணம் 'பைட்டோப்தோரா' என்கிற நுண்ணுயிர். கிரேக்க மொழியில் இதுக்கு 'செடியை அழிக்கிறவன்' என்று அர்த்தம். 1876-ல் இந்தப் பேரை வெச்சவர் ஜெர்மானிய விஞ்ஞானி ஆன்டன் டி பாரி. நூறு வருஷத்துக்கும் மேலே எல்லோரும் இதைப் பூஞ்சை லிஸ்ட்டில்தான் வெச்சிருந்தாங்க. அதே மாதிரி நூல் நூலா படரும், அதே மாதிரி வித்து விடும், அதே மாதிரி அழுக வைக்கும்.

ஆனா ஆராய்ச்சி முன்னேற முன்னேற வேஷம் கலைஞ்சது. பூஞ்சையின் செல் சுவர் கைட்டின் என்கிற பொருளால் ஆனது. நண்டு ஓட்டில் இருக்குமே, அதேதான். பைட்டோப்தோராவின் செல் சுவரோ முக்கியமா செல்லுலோஸ் ரகம். பரம்பரையைத் துருவிப் பார்த்தா, இவருக்குச் சொந்தக்காரங்க கடலில் மிதக்கிற பழுப்புப் பாசிகள்! அதனால்தான் இவரை இப்போ 'நீர்ப்பூஞ்சை' என்று தனியா பிரிச்சு வெச்சிருக்காங்க.

'யாரா இருந்தா நமக்கென்ன பாஸ், அழுகினது அழுகினதுதானே' என்கிறீங்களா? அங்கேதான் காசு கரையுது. கடையில் போய் 'பூஞ்சை மருந்து கொடுங்க' என்று பொதுவா கேட்டா, கார்பென்டாசிம் மாதிரி ஒரு மருந்து கைக்கு வரலாம். அசல் பூஞ்சைகள் பலதுக்கும் அது நல்ல மருந்து. ஆனா பைட்டோப்தோரா மேல் அது வேலை செய்யாது. கூலி கொடுத்து, தண்ணி சுமந்து, தோட்டம் முழுக்க அடிச்சும் அழுகல் நிக்கலேன்னா, மருந்து போலி என்று அர்த்தம் இல்லை. ஆள் மாறிப் போச்சு! நீர்ப்பூஞ்சைக்கு வேலை செய்றது போர்டோ கலவை, பொட்டாசியம் பாஸ்போனேட், போசிடைல் அலுமினியம், மெட்டலாக்ஸில் போன்றவை. கேஸ் பிடிக்கிறதுக்கு முன்னாடி அக்யூஸ்டை அடையாளம் காணணும் இல்லையா?

இன்னொரு விஷயம். இவருக்கு நீச்சல் தெரியும். ரெண்டு வாலோடு இருக்கிற இவரோட வித்துகள் தண்ணியில் நீந்தியே அடுத்த காய்க்கு, அடுத்த வேருக்குப் போகும். வடிகால் வெட்டாத தோட்டம்னா அது இவருக்கு நீச்சல் குளம். செடி மேல் விழுற மழைத்துளி தெறிச்சு, பக்கத்துச் செடிக்கும் இலவச பஸ் சர்வீஸ் நடத்தும்.

நிழல் கூடினா ஒரு வியாதி... குறைஞ்சா ஒரு வியாதி!

ஏலம் வெயில் தாங்காது. அதனால் மரங்களுக்கு அடியில் வளர்க்கிறாங்க. மரக்கிளை ரொம்ப அடர்த்தியா இருந்தா வெளிச்சம் இறங்காது, காத்து ஓடாது, ஈரம் நிக்கும், அழுகலுக்குக் கொண்டாட்டம். சரி, மரத்தையெல்லாம் வெட்டி வெளிச்சம் விடுவோம்னு கிளம்பினா, அடுத்த ஆள் ரெடியா நிக்கிறார்.

அவர் பேரு கொலட்டோட்ரைக்கம். இவர் அசல் பூஞ்சை. நிழல் பத்தாத இடத்தில், மழை விட்ட பிறகு இலைகளில் மஞ்சளும் சிவப்புமா நீள நீளமா கோடு விழ வைப்பார். தோட்டமே தீயில் வாட்டி எடுத்த மாதிரி கருகி நிக்கும். ஏலமலையில் இதுக்கு 'செந்தல்' என்று பேரு. இதே இனத்தைச் சேர்ந்த பூஞ்சைதான் கீழே போடி மாந்தோப்புகளில் பூவையும் பிஞ்சையும் கருக்கி, பழத்தில் கரும்புள்ளி வைக்கிறதும்.

ஆக, எந்தக் கிளையை வெட்டணும், எதை விடணும் என்று தெரிஞ்சு மழைக்கு முன்னாடி நிழல் கழிக்கிற தொழிலாளி இருக்காரே... அவரும் ஒரு டாக்டர்தான். அவர் கையில் இருக்கிற கத்திதான் முதல் மருந்து.

பூட்டை உடைக்கும் கலை

சரி, வாயும் இல்லை, பல்லும் இல்லை. ஒரு பூஞ்சை எப்படித்தான் செடிக்குள் போகுது?

காத்தில் பறந்து வர்ற ஒரு வித்து இலை மேல் உட்காரும். ஈரம் கிடைச்சா முளைக்கும். முடியைவிட மெல்லிசா ஒரு இழையை நீட்டும். சில பூஞ்சைகள் இலையில் மூச்சு விடுற துளை வழியா நைஸா நுழையும். சிலது காயம் பட்ட இடத்தில் புகும். இன்னும் சிலது நேரடியா சுவரை உடைக்கும்! நெல்லுக்கு வர்ற குலை நோய்ப் பூஞ்சையைக் கேளுங்க: இலை மேல் பசை போட்டு ஒட்டிக்கிட்டு, ஒரு குட்டிக் குமிழை உண்டாக்கி, அதுக்குள் தண்ணி அழுத்தத்தை ஏத்தும். எவ்வளவு? 80 வளிமண்டல அழுத்தம் வரை. கார் டயரில் இருக்கிற காத்தைப் போல ஏறக்குறைய 40 மடங்கு! அந்த அழுத்தத்தில் ஒரு ஊசியை இறக்கி இலையைத் துளைச்சிடும்.

உள்ளே போன பிறகு ஒவ்வொருத்தருக்கும் ஒரு ஸ்டைல்:

ஒட்டுண்ணி ரகம்: செடியைக் கொல்லாது. உயிரோட வெச்சு உறிஞ்சும். காபி இலையில் வர்ற துரு நோய் இந்த ரகம்.

கொலைகார ரகம்: முதலில் நொதிகளையும் நச்சுகளையும் விட்டு செல்லைச் சாகடிக்கும், அப்புறம் சாவகாசமா சாப்பிடும். அழுகல் நோய்கள் பலதும் இப்படித்தான்.

குழாய் அடைக்கிற ரகம்: வேர் வழியா போய் செடியின் தண்ணிக் குழாயில் குடியேறும். மண்ணில் ஈரம் இருந்தும் செடி வாடும். வாழைக்கு வர்ற பியூசேரியம் வாடல் நோய்க்கு இதுதான் டெக்னிக். தேனி மாவட்டத்து வாழை விவசாயிங்க பயப்படுற பேரு இது. ஒரு தடவை மண்ணில் புகுந்தா, வாழையே இல்லாம பல வருஷம் தூங்கிக்கிட்டுக் காத்திருக்கும். உலகச் சந்தையை ஆண்ட 'குரோ மிஷேல்' ரக வாழையை 1950-களில் ஓரம் கட்டினது இதே நோய்தான்.

நம்ம தஞ்சாவூர்ப் பக்கம் தென்னைக்கு ஒரு கதை உண்டு. 1952 புயலுக்குப் பிறகு அங்கே தென்னை மரங்கள் அடித்தண்டில் செம்பழுப்பா சாறு வடிஞ்சு வாட ஆரம்பிச்சது. கானோடெர்மா என்கிற காளான்தான் காரணம். இன்னிக்கும் அந்த வியாதிக்குப் பேரு 'தஞ்சாவூர் வாடல்'. மரத்தடியில் தட்டு மாதிரி பழுப்பா ஒரு காளான் முளைக்குதுன்னா, அழகா இருக்கேன்னு செல்பி எடுக்காதீங்க. வேளாண்மை ஆபீஸுக்கு போன் போடுங்க.

நாட்டையே மாத்தின துரு!

ஒரு பூஞ்சையால் ஊரையே காலி பண்ண முடியுமா? முடியும். சரித்திரம் சொல்லுது.

1845-ல் அயர்லாந்தில் உருளைக்கிழங்கை அழிச்சது நம்ம ஏலக்காய் வில்லனோட அண்ணன், இன்னொரு பைட்டோப்தோரா. அடுத்தடுத்த வருஷங்களில் பஞ்சத்திலும் நோயிலும் ஏறக்குறைய 10 லட்சம் பேர் செத்தாங்க. அதுக்கும் மேலே பல லட்சம் பேர் கப்பல் ஏறிப் போனாங்க.

அடுத்தது நம்ம ஜனங்களோட கதை. 19-ம் நூற்றாண்டில் இலங்கை மலைகளில் வெள்ளைக்காரர்கள் நட்டது தேயிலை இல்லை, காபி. அந்தத் தோட்டங்களுக்கு மதுரை, ராமநாதபுரம், திருநெல்வேலி, திருச்சிச் சீமைகளில் இருந்து கூட்டிப் போகப்பட்டவங்க தமிழர்கள். 1869-ல் காபி இலையின் அடியில் ஆரஞ்சு நிறத்தில் மாவு மாதிரி ஒரு பொடி. அந்தப் பூஞ்சைக்கு வெச்ச பேரு ஹெமிலியா வாஸ்டாட்ரிக்ஸ். 'வாஸ்டாட்ரிக்ஸ்' என்றால் நாசம் செய்பவள்! 1880-ல் மார்ஷல் வார்டு என்ற இளம் விஞ்ஞானி போய் ஆராய்ந்தார். அவர் கண்டுபிடிச்சுச் சொல்லும்போது காலம் கடந்துபோச்சு. மலை மலையா இடைவெளியே இல்லாம ஒரே பயிரை நட்டு வெச்சதால், காத்தில் பறந்த வித்துகளுக்குத் தடையே இல்லை. அடுத்த சில வருஷங்களில் காபி சாம்ராஜ்யம் சரிஞ்சது. அந்த இடத்துக்குத் தேயிலை வந்தது.

இலங்கை மலையகத் தமிழர்கள் காபித் தோட்டத்துப் பரம்பரையா இல்லாம, தேயிலைத் தோட்டத்துப் பரம்பரையா அறியப்படுறதுக்குப் பின்னாடி இருக்கிறது ஒரு துருப் பூஞ்சை! எந்தச் செடியில் கை வைக்கணும், வருஷத்துக்கு எத்தனை மாசம் வேலை என்பதைக்கூட அது மாத்தி எழுதிடுச்சு.

பறிச்ச பிறகும் விடாது கறுப்பு!

தோட்டத்தில் தப்பிச்சா போதுமா? பறிச்ச ஏலக்காயில் ஏறக்குறைய 80 சதவீதம் தண்ணி. அதை மலையில் 'ஸ்டோர்' என்று சொல்ற உலர் கூடத்தில் பரப்பி, சுமார் 50 டிகிரி சூட்டில் ஒரு நாள் போல காய வைப்பாங்க. ஈரம் 10 சதவீதத்துக்குப் பக்கத்தில் இறங்கணும். பச்சை நிறமும் நிக்கணும், ஈரமும் போகணும். அவசரப்பட்டு மூட்டை கட்டினா, உள்ளுக்குள்ளேயே ஆஸ்பர்ஜில்லஸும் பெனிசிலியமும் கடை விரிச்சிடும். கீழே போடி குடோன்களில் காயைத் தரம் பிரிக்கிற அக்காக்கள் நிறத்தையும் வாசத்தையும் வெச்சே கெட்டதைப் பொறுக்கித் தள்ளுவாங்க. அந்தக் கண்ணும் மூக்கும் இல்லேன்னா நம்ம பாயாசத்துக்கு வாசம் இல்லை!

நிலக்கடலை, மக்காச்சோளம், கொப்பரை, மிளகாய் வத்தல்... இதெல்லாம் ஈரத்தோடு மூட்டை ஏறினா ஆபத்து இன்னும் பெரிசு. ஆஸ்பர்ஜில்லஸ் பிளேவஸ் என்கிற பூஞ்சை 'அப்ளாடாக்ஸின்' என்ற நஞ்சை உண்டாக்கும். 1960-ல் இங்கிலாந்தில் ஒரு லட்சம் வான்கோழிகள் கொத்துக் கொத்தா செத்தப்போதான் இது வெளிச்சத்துக்கு வந்தது. தீவனத்தில் கலந்திருந்த பூஞ்சை பிடிச்ச கடலைப் புண்ணாக்குதான் காரணம். 1974-ல் குஜராத், ராஜஸ்தான் எல்லையோரப் பழங்குடிக் கிராமங்களில் மழையில் நனைஞ்சு பூஞ்சை பிடிச்ச மக்காச்சோளத்தைச் சாப்பிட்டு 106 பேர் இறந்தாங்க. அவங்களுக்கு வேற தானியம் இல்லை என்பதுதான் கொடுமை. கல்லீரல் புற்றுநோயை உண்டாக்கும் பொருள்கள் பட்டியலில் உறுதியா இடம் பிடிச்ச நஞ்சு இது. வேக வெச்சாலும் வறுத்தாலும் முழுசா போகாது. அதனால் சுருங்கின, நிறம் மாறின, பூத்துப்போன கடலையைப் பார்த்தா 'ஒண்ணு ரெண்டுதானே' என்று வாயில் போடாதீங்க.

மரம், துணி, மார்க் ஷீட்!

பூஞ்சைக்கு ஏலக்காயும் ஒண்ணுதான், உங்க வீட்டு நிலைக்கதவும் ஒண்ணுதான். ரெண்டிலும் இருக்கிறது செல்லுலோஸ். மரத்தின் ஈரம் 20 சதவீதத்துக்குக் கீழே இருந்தா ஆயுசு கெட்டி. பாத்ரூம் கதவின் அடிப்பக்கம் மட்டும் ஏன் முதலில் உளுத்துப் போகுதுன்னு இப்போ புரியுதா? சில பூஞ்சைகள் செல்லுலோஸைத் தின்னுட்டு மரத்தைப் பழுப்புக் கட்டி கட்டியா வெடிக்க வைக்கும். சிலது லிக்னினையும் சேர்த்துத் தின்னு, வெளுத்த நாராக்கிப் போடும்.

ஈரக் கையோட கேமராவைப் பைக்குள் போட்டு மாசக் கணக்கில் மறந்தா, லென்ஸ் மேல் சிலந்தி வலை மாதிரி பூஞ்சை படரும். அது விடுற அமிலம் கண்ணாடியின் மேல்பூச்சையே அரிச்சிடும். மழையில் நனைஞ்ச மார்க் ஷீட்டை அப்படியே பிளாஸ்டிக் பைலுக்குள் மூடினா, அடுத்த இன்டர்வியூவுக்கு எடுக்கும்போது புள்ளி புள்ளியா டிசைன் போட்டிருக்கும். முதலில் நிழலில் காய வைங்க, அப்புறம் பைல்!

ஒரு சுவாரஸ்யம். இரண்டாம் உலகப் போரில் பசிபிக் தீவுகளில் இருந்த அமெரிக்க ராணுவத்தின் கேன்வாஸ் கூடாரங்களும் துணிகளும் மளமளன்னு மக்கிப் போச்சு. எதிரி யாருன்னு தேடினா, டிரைக்கோடெர்மா ரகப் பூஞ்சை. சாலமன் தீவில் பிடிபட்ட அந்தப் பூஞ்சைக்குப் பின்னாடி, அதை ஆராய்ந்த எல்வின் ரீஸ் பேரையே வெச்சாங்க. துணியைத் தின்கிற அதோட நொதியை இப்போ தொழிற்சாலைகளில் காய்ச்சி எடுக்கிறாங்க. எதுக்கு? ஜீன்ஸுக்குப் பழசான லுக் கொடுக்க, டி-ஷர்ட் மேல் துருத்துற நூல் பிசிறை நீக்கி வழவழப்பாக்க! திருப்பூர் டி-ஷர்ட்டில் 'பயோ வாஷ்' என்று லேபிள் பார்த்திருப்பீங்களே... அதோட மூலக்கதை இதுதான்.

முள்ளை முள்ளால்...

அதே டிரைக்கோடெர்மா குடும்பத்து ஆள்தான் ஏலத் தோட்டத்தில் போலீஸ்காரர். மத்த பூஞ்சைகளைச் சுத்தி வளைச்சு, கரைச்சு, சாப்பிடும். சாணி உரத்திலோ வேப்பம் புண்ணாக்கிலோ காபித் தொலியிலோ பெருக்கித் தூரில் போடுறாங்க. தூர் அழுகலுக்கு நல்ல காவல்.

போர்டோ கலவைக்கும் ஒரு பிளாஷ்பேக் உண்டு. பிரான்ஸில் ரோட்டோரத் திராட்சையை வழிப்போக்கர்கள் திருடாமல் இருக்க, மயில் துத்தத்தையும் சுண்ணாம்பையும் கலந்து அசிங்கமா அடிச்சு வெச்சிருந்தாங்க. அந்தக் கொடிகளில் மட்டும் அடிச்சாம்பல் நோய் வரலைங்கிறதைக் கவனிச்சவர் பேராசிரியர் மில்லார்டே. 1885-ல் அதை மருந்தாவே வெளியிட்டார். அந்த நோய்க்குக் காரணமும் ஒரு நீர்ப்பூஞ்சைதான்! இன்னிக்குப் புவிசார் குறியீடு வாங்கின கம்பம் பன்னீர் திராட்சைக்கும், மேலே ஏலத்துக்கும் அதே நீல மருந்துதான் கைகொடுக்குது.

செய்முறை: 1 கிலோ மயில் துத்தத்தை 50 லிட்டர் தண்ணியில் கரைக்கணும். 1 கிலோ சுண்ணாம்பைத் தனியா 50 லிட்டரில் கரைக்கணும். துத்தக் கரைசலைச் சுண்ணாம்பில் கொஞ்சம் கொஞ்சமா ஊத்திக் கலக்கணும். இரும்புப் பாத்திரம் கூடாது. பளபளப்பான கத்தியை முக்கிப் பாருங்க. செம்பு நிறம் படிஞ்சா சுண்ணாம்பு பத்தலைன்னு அர்த்தம். கலந்த அன்னிக்கே அடிச்சுடணும், அதுவும் மழை பிடிக்கிறதுக்கு முன்னாடி. முக்கியமான விஷயம்: இதை அடிச்ச கையோட டிரைக்கோடெர்மா போட்டா போலீஸ்காரரும் சேர்ந்து காலி. நடுவில் 15 நாள் இடைவெளி வேணும்.

மருந்து அடிக்கிறது யாரு?

வடிகால், நிழல், கவாத்து, அழுகின சரத்தை அப்புறப்படுத்துறது... இதெல்லாம் மெதுவான வைத்தியம். அழுகலைக் கண்டதும் வர்ற பயத்தில் பலரும் ஓடுறது மருந்துக் கடைக்கு. ஏலத்தில் பூச்சித் தொல்லையும் அதிகம் என்பதால், மருந்து மேல் மருந்து ஏறிக்கிட்டே போகுது. விளைவு? 2023 ஜனவரியில் சபரிமலை அரவணைப் பாயாசத்தில் சேர்த்த ஏலக்காயில் பூச்சிக்கொல்லி எச்சம் அளவுக்கு மேல் இருக்குன்னு பரிசோதனை அறிக்கை வர, விற்பனையைக் கேரள ஹைகோர்ட் நிறுத்தியது. 6 லட்சத்துக்கும் மேற்பட்ட டின்கள் தேங்கின. 2024-ல் சுப்ரீம் கோர்ட் அந்த உத்தரவை ரத்து செஞ்சாலும், அந்தச் சரக்கு பக்தர்கள் கைக்குப் போகலை.

பாயாசத்தில் கிராமுக்கும் குறைவா விழுற எச்சத்துக்கே இவ்வளவு கவலைப்படுறோம். சரி. ஆனா முதுகில் டேங்க்கைக் கட்டிக்கிட்டு, முகத்தில் ஒரு துண்டை மட்டும் சுத்திக்கிட்டு, நாள் பூரா அந்தப் புகைக்குள்ளேயே நடக்கிற ஆளு? அவர் நம்ம தெரு அண்ணன், நம்ம மாமா, சில பேருக்கு நம்ம அப்பா. தப்பான மருந்துக்கு அடிக்கிற ஒவ்வொரு டேங்கும் முதலில் இறங்குறது அவர் நுரையீரலில்தான். கையுறை, மாஸ்க், காத்துக்கு எதிரா நின்னு அடிக்காம இருக்கிறது, டப்பா லேபிளைப் படிச்சுச் சொல்ல வீட்டில் ஒரு படிச்ச பிள்ளை... இதுக்கெல்லாம் பெரிய செலவு கிடையாது பாஸ்.

படிக்க வழி இருக்கு!

இந்தத் துறைக்குப் பேரு தாவர நோயியல். பக்கத்திலேயே பெரியகுளத்தில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் தோட்டக்கலைக் கல்லூரி இருக்கு. பி.எஸ்சி. வேளாண்மை, தோட்டக்கலை முடிச்சவங்க எம்.எஸ்சி.யில் தாவர நோயியலை எடுக்கலாம். ஏலத்துக்கு மைலாடும்பாறையில் இந்திய ஏலக்காய் ஆராய்ச்சி நிலையம், வாழைக்குத் திருச்சியில் தேசிய ஆராய்ச்சி மையம் என்று ஆய்வுக்கூடங்கள் கூப்பிடு தூரத்தில். வெறும் தாவரவியல் படிக்கிறவங்களும் சோர்ந்து போக வேண்டாம்: சென்னைப் பல்கலைக்கழகத்தில் மண்வழி வாடல் நோய்களை ஆராய்ந்து உலகப் புகழ் பெற்ற டி.எஸ். சதாசிவனும், பூஞ்சை வகைப்பாட்டில் பெரிய பேரான சி.வி. சுப்பிரமணியனும் தாவரவியல்காரங்கதான்.

கடைசியா ஒண்ணு. பூஞ்சையை அடியோட ஒழிக்க முடியாது, ஒழிக்கவும் கூடாது. அது இல்லேன்னா மலையில் விழுற சருகு மக்காது, மண்ணுக்கு உரம் சேராது, ஏலமே வளராது. அது வேலையைச் செய்யக் கேட்கிறது மூணே மூணுதான்: இரை, ஈரம், அவகாசம். இரை எங்கேயும் இருக்கும். ஆனா வடிகால் வெட்டி ஈரத்தைக் குறைக்கிறதும், முதல் புள்ளியிலேயே கண்டுபிடிச்சு அவகாசத்தைப் பறிக்கிறதும் நம்ம கையில். மே மாசம் முடியுறதுக்குள் மண்வெட்டியை எடுத்துட்டா, ஆடியில் டேங்க்கைத் தூக்குற வேலை பாதியா குறையும்!